வேளை தவறாத மாத்திரை

பருத்தித் துணியை ஒரு தடவை தண்ணீரில் முக்கிக் காயவைக்காமல் வெட்டக் கூடாது, சிஸ்டர். வெட்டினால் முதல் சலவையிலேயே சுருங்கி மானத்தை வாங்கிவிடும். அப்படிப் போகும் மானம் வெட்டினவனுடையதாக இருக்காது. தைத்தவனுடையதாகத்தான் இருக்கும். இதை எதற்கு உங்களிடம் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல வாயெடுத்தால் எனக்கு நாக்கு எழவில்லை. துணியில் ஆரம்பித்தால் எப்படியாவது அங்கே போய்ச் சேர்ந்துவிடுவேன்.

நீங்கள் பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. "உங்க அண்ணன் அன்னிக்கு மாத்திரை எப்ப போட்டாரு, எப்ப சாப்பிட்டாரு, மறந்துபோய் இன்னொரு தடவை போட்டிருப்பாரா?" அவ்வளவுதான். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா, அல்லது மனிதருக்கு ஞாபகசக்தி போய்விட்டதா என்று பெரிய டாக்டர் நாளைக்கு முடிவு செய்ய வேண்டும் என்றீர்கள். அண்ணி முந்திக்கொண்டு, "அவருக்கு இப்பல்லாம் எதுவுமே நெனப்புல நிக்கறதில்ல சிஸ்டர், ரெண்டாந்தடவ முழுங்கியிருப்பாரு" என்றார். நான் தலையாட்டினேன். நீங்கள் எழுதிக்கொண்டு போய்விட்டீர்கள். இப்போது அண்ணி துணி மாற்றிவர வீட்டுக்குப் போயிருக்கிறார். அதனால்தான் உங்களை இந்த பெஞ்சில் கொஞ்சம் உட்காரச் சொன்னேன். ஆட்டிய தலையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் தையல் கடை நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது. வக்கீல்களின் கறுப்புக் கோட்டுதான் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அடுப்பு எரிய வைப்பது. வாசலைப் பார்த்தபடி வெட்டும் மேசை. அது அண்ணனுடைய இடம். உள்ளே, இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி என் மெஷின். கோட்டு கச்சிதமாக உட்கார்ந்தால் கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர் வெட்டுன்னா வெட்டுதான்" என்பார்கள். அக்குளில் தையல் பிரிந்தால் கழுத்தை உள்ளே நீட்டி, "என்ன தம்பி, தூங்கிட்டே தைச்சியா?" என்பார்கள். அண்ணனைத் தெருவே மாஸ்டர் என்று கூப்பிடும். என்னைத் தெருவே தம்பி என்று கூப்பிடும். எனக்குத் தலை நரைத்து, பல் விழுந்து, பேரன் பிறந்த பிறகும் தம்பிதான். நேற்று படிப்பு முடித்து வந்த சின்ன வக்கீல்கூட, "தம்பி, பொத்தான் லூசா இருக்கு பாருங்க" என்பான்.

இதற்கெல்லாம் ஒரு மனிதன் இப்படிச் செய்வானா என்று கேட்பீர்கள். நானும் பெரிய காரணமாக ஏதாவது அகப்படுமா என்று இந்த வராந்தாவில் உட்கார்ந்து தேடிப் பார்த்துவிட்டேன். அண்ணன் என்னை அடித்ததில்லை, ஏமாற்றியதில்லை. அவர் வீட்டில் எது வந்தாலும் பாதி என் வீட்டுக்கு வரும். காரணம் ஒரு சட்டைதான். அண்ணன் ஒருநாள் உங்கள் மருத்துவமனைக்கு ரத்தம் கொடுக்க வந்திருந்தபோது, அவசரம் என்று வந்த ஒருவருக்கு நானே சட்டை வெட்டினேன். ஆசையாக வெட்டினேன். அண்ணன் திரும்பி வந்து அதைத் தூக்கிப் பிடித்து, கடையில் நாலு பேர் இருக்கும்போது, "ஏன்டா தம்பி, இது சட்டையா, தலகாணி உறையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் அதோடு அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. இதுதான் காரணம், சிஸ்டர். இதைவிடப் பெரிதாக ஒன்று இருந்திருந்தால் எனக்கே கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

அண்ணனுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், அண்ணிதான் என்னைக் கூடவே அனுப்பினார். "அவரு காதுல எது போட்டாலும் நிக்காது, நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார். கீழ்த்தளத்து அறையில் நீங்கள் எங்களை உட்கார வைத்துப் பேசினீர்கள். உங்களுக்கு நினைவிருக்காது, தினம் எத்தனை பேருக்குச் சொல்கிறீர்களோ. எனக்கு ஒரு சொல் விடாமல் இருக்கிறது. மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டி, "சர்க்கரைக்கு எல்லா மாத்திரையும் ஒண்ணு கிடையாது. உங்களுக்குக் குடுத்திருக்கறது உள்ள போச்சுன்னா சர்க்கரையை இறக்கியே தீரும். சாப்பாடு வருதோ வரலையோ, அது அதுபாட்டுக்கு அதோட வேலையைச் செய்யும். அதனால தட்டு முன்னாடி உக்காந்த பிறகுதான் மாத்திரை. சாப்பாடு தள்ளிப்போனா மாத்திரையும் தள்ளிப்போகணும்" என்றீர்கள்.

அண்ணன் கொட்டாவி விட்டார். நான் கேட்டேன், மாத்திரை போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று. கை நடுங்கும், வேர்க்கும், பசி பிடுங்கும், காரணமில்லாமல் கோபம் வரும், பேச்சு குழறும், புத்தி தடுமாறும், கவனிக்காமல் விட்டால் நினைவே போய்விடும் என்றீர்கள். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இன்னொன்று போடக் கூடாது என்றீர்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது என்றும் சொன்னீர்கள். நான் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெளிவு செய்துகொண்டேன். கிளம்பும்போது அண்ணனிடம், "இப்படி ஒரு தம்பி கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் சார்" என்று சொன்னீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு என் மனதில் ஒன்றும் இல்லை. அக்கறையோடுதான் கேட்டேன்.

அப்படி இறங்கினால் உடனே வாயில் போட, சர்க்கரைப் பொட்டலம் ஒன்று எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தீர்கள். அதை அண்ணன் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். "என் பையில இருந்தா நானே தின்னு தீத்துடுவேன், உன் பையிலயே இருக்கட்டும்" என்று சொல்லி, நான் மெஷினில் குனிந்தால் விழுந்துவிடாதபடி வழக்கத்தைவிட ஆழமான பையும் அதற்கு மூடியும் வைத்து எனக்கு இரண்டு சட்டை வெட்டினார். நான்தான் தைத்தேன். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவியைக் கொடுத்தீர்களே, அதை மட்டும் அவர் தொடவே இல்லை. "காலம்பூரா ஊசியோட குடித்தனம் நடத்தறவனுக்கு இன்னொரு ஊசியா?" என்றார். உண்மையான காரணம் வேறு. வக்கீல்களுக்குக் கழுத்துப் பட்டைக்கு வெள்ளைத் துணியும் நாங்கள் தைப்பதுண்டு. வெள்ளையில் ஒரு பொட்டு ரத்தம் பட்டால் துணி போச்சு. தையற்காரன் காயம்பட்ட விரலோடு மேசைக்கு வரமாட்டான். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

அண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. துணியில் சாக்பீஸ் கோடு விழுந்துவிட்டால், வெட்டி முடிக்காமல் மேசையை விட்டு நகரமாட்டார். அளவெல்லாம் அவருக்கு மனக்கணக்கு. எழுந்து போனால் அளவு தலையைவிட்டு இறங்கிவிடும் என்பார். வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும், "இந்தக் கழுத்தை வெட்டிட்டு வந்துடறேன்" என்பவர். நாங்கள் கடை திறப்பது சீக்கிரம், வக்கீல்கள் நீதிமன்றத்துக்குள் நுழையும் முன்பே வந்து துணி கொடுத்துவிட்டுப் போவார்கள் என்பதால். காலைச் சாப்பாடு டப்பாவில் வரும். மாத்திரை அட்டை என்னிடம். டப்பா திறந்ததும் நான் மாத்திரையை எடுத்துக் கொடுப்பேன். அண்ணி போட்டுத்தந்த ஏற்பாடு அது. மாதக்கணக்கில் எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது.

முதல் தடவை நடந்தது விபத்துதான். அண்ணன் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஒரு பெரிய வக்கீல் உள்ளே வந்துவிட்டார். சாயந்திரமே கோட்டு வேண்டும் என்றார். அண்ணன் டப்பாவை மூடிவிட்டு சாக்பீசை எடுத்தார். வெட்டிக்கொண்டே இருந்தவர் கொஞ்ச நேரத்தில் வக்கீலிடம் எரிந்து விழுந்தார். நெற்றி வேர்த்து சாக்பீஸ் கோட்டின் மேல் சொட்டியது. கத்தரி வழி மாறிப்போய் காலரைக் கடித்துவிட்டது. நான் எழுந்து ஓடிவந்து, பையிலிருந்த சர்க்கரையை வாயில் போட்டு, நாற்காலியில் உட்கார வைத்தேன். சரியாகிவிட்டார். வக்கீல் பதறிப்போய் நின்றார். "கவலப்படாதீங்க சார்" என்று சொல்லி, மிச்சத் துணியில் நானே வேறு காலர் வெட்டினேன். அது சரியாக வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே தம்பி, உனக்கும் வெட்ட வருதே" என்றார்.

இந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. அண்ணன் பக்கத்தில் நாற்காலியில் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே இனித்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றை விபத்து என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். ஆனால் நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால், ஒன்றுமே செய்யவில்லை என்று கற்பூரம் அடித்து வேண்டுமானாலும் சொல்லலாம். விஷம் வைக்கவில்லை. டாக்டர் எழுதிய மாத்திரை, எழுதிய அளவு. வேளை தவறாமல் கொடுத்தேன். என்ன, டப்பா திறந்த பிறகு கொடுப்பதற்குப் பதிலாக, அண்ணன் செருப்பைக் கழற்றியதும் கொடுத்தேன். பிறகு ஒரு துணியை எடுத்து மேசையில் விரித்து வைத்தேன். தினமும் இல்லை. கடையில் முக்கியமான ஆள் யாராவது இருக்கிற நாளாகப் பார்த்து விரித்தேன். "அண்ணே, இது ஒண்ணு மட்டும் கோடு போட்டுக் குடுத்துடுங்க, சார் காத்துட்டிருக்காரு" என்பேன். கோடு போட்டாகிவிட்டால் மீதியை அண்ணனுடைய பழக்கமே பார்த்துக்கொள்ளும். நான் மெஷினில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருப்பேன். எதிரே சுவர் என்றாலும், கண்ணாடியில் அவர் கை தெரியும். நடுக்கம் எப்போது தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அண்ணன் கத்தரியைப் பாதியில் நிறுத்தி, "பசிக்குதுடா தம்பி" என்றார். குழந்தைபோலச் சொன்னார். அவர் அப்படிச் சொல்லும் வழக்கமே இல்லாதவர். "ரெண்டு வெட்டுதான் அண்ணே, முடிச்சுட்டு நிம்மதியா உக்காருங்க" என்றேன். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வெட்டினார். பசி என்று சொன்ன மனிதரிடம் நான் அதைச் சொன்னேன், சிஸ்டர். எங்கள் அப்பா போன பிறகு தன் தட்டில் இருந்ததை எடுத்து என் தட்டில் போட்டு வளர்த்தவர் அவர். நான் சொன்னதைச் சொல்லிப் பார்க்கும்போது இப்போதும் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டால் உதவியாக இருக்கும்.

அண்ணன் வெட்டு தவறத் தவற நான் காப்பாற்றக் காப்பாற்ற எனக்குப் பெயர் வந்தது. வேர்த்து விறுவிறுத்து அவர் சரியும்போது தாங்கிப் பிடிப்பவன் நான், சர்க்கரை கொடுப்பவன் நான், கெட்டுப்போன துணியைச் சரிசெய்து எடுப்பவனும் நான். "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சும்மாவா சொன்னாங்க" என்று வக்கீல்கள் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது கூச்சப்படுவதுபோலத் தலையைக் குனிந்துகொள்வேன். அந்தக் கூச்சத்தில் பாதி உண்மை. "மாஸ்டருக்கு வயசாயிடுச்சு, பாவம்" என்று சந்தில் பேச்சு கிளம்பியது. நான் அதை மறுத்தும் பேசினேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, கொஞ்சம் மறதி" என்று மறுத்தேன். மறுப்பதில்தான் பேச்சு நன்றாகப் பரவும். பிறகு சிலர் துணியை நேராக என் மெஷின் பக்கம் கொண்டுவந்து வைத்து, மெதுவாக, "நீங்களே வெட்டிடுங்க தம்பி, மாஸ்டர்கிட்ட சொல்ல வேணாம்" என்றார்கள்.

நான் நினைத்தது இவ்வளவுதான்: அண்ணன் கொஞ்ச நாளில் தானாகவே கத்தரியை என்னிடம் கொடுத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அதற்குப் பிறகு அவருக்கு மூன்று வேளையும் என் கையாலேயே பரிமாறி, ராஜா மாதிரி வைத்துக்கொள்ளலாம். இதை நான் உண்மையிலேயே நம்பினேன். அவருக்கு ஓய்வு வேண்டும், நான் வாங்கித் தருகிறேன் என்றே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அவருக்குக் கத்தரி கையைவிட்டுப் போவதற்கு முன்னால் வேறொன்று போயிற்று. தன் மேலேயே நம்பிக்கை போயிற்று. தெருவே மறதி என்று சொன்னால் எந்த மனிதருக்குத்தான் சந்தேகம் வராது. கடைப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். வெட்டிய துணியைத் திரும்ப அளப்பார். "தம்பி, அந்த அளவு நான் சொன்னேனா, நீ சொன்னியா?" என்பார். தினமும் என்னைப் பார்த்து, "மாத்திரை போட்டேனாடா?" என்று கேட்க ஆரம்பித்தார். நான் உண்மையைத்தான் சொல்லிவந்தேன். போட்டிருந்தால் போட்டீர்கள் என்று. அந்த ஒரு விஷயத்தில் நான் யோக்கியமாக இருக்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

இப்போது நீங்கள் கேட்ட அந்த நாளுக்கு வருகிறேன்.

அன்று காலை, முன்பு சொன்னேனே, அந்தப் பெரிய வக்கீல் வந்திருந்தார். இந்தத் தடவை மகளையும் கூட்டிவந்திருந்தார். மகள் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளப் போகிறாள், முதல் கோட்டு. துணி அப்பா பார்த்துப் பார்த்து வாங்கியது, உயர்ந்த ரகம். அந்தப் பெண் துணியைத் தடவிக்கொண்டே, "மாஸ்டர் கையாலதான் வெட்டணும்னு அப்பா சொல்லிட்டாரு" என்றாள். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. எனக்கு வெட்ட வருகிறது என்று முதலில் சொன்னவரே அவர்தானே. அண்ணன் ஏற்கனவே மாத்திரை போட்டிருந்தார். டப்பா அலமாரியில் இருந்தது. அவர் அளவு எடுத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, வழக்கம்போலக் கேட்டார், "தம்பி, மாத்திரை போட்டேனாடா?"

"இல்லையே அண்ணே" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை என்று சொல்ல ஆசைதான். யோசித்துத்தான் சொன்னேன். சந்தேகம் வந்தால் இன்னொன்று போடக் கூடாது என்று நீங்கள் சொன்னது அந்த நேரத்தில் உங்கள் குரலிலேயே கேட்டது. எழுந்து போய் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, தண்ணீரோடு கொடுத்தேன். அண்ணன் அந்தப் பெண்ணிடம், "என் ஞாபகசக்தியே இவன்தாம்மா" என்று சொல்லி விழுங்கினார். பிறகு சாக்பீசை எடுத்தார்.

அன்று நடுக்கம் வரவில்லை. வேர்க்கவும் இல்லை. அடிக்கடி சர்க்கரை இறங்கினால் கடைசியில் உடம்பு எச்சரிப்பதையே நிறுத்திவிடும் என்று நேற்று நீங்கள் அண்ணியிடம் விளக்கிக்கொண்டிருந்தீர்கள், நான் இந்தத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அன்று அது எனக்குத் தெரியாது. கண்ணாடியில் அவர் கை நிதானமாகத்தான் இருந்தது. முன்புறம் வெட்டினார், பின்புறம் வெட்டினார், பிறகு இரண்டு கை வெட்டினார். கோட்டுக்குக் கை வெட்டும்போது ஒன்று இடது, ஒன்று வலது, இரண்டும் எதிரெதிராக இருக்க வேண்டும். அண்ணன் இரண்டையும் இடது கையாகவே வெட்டி, அழகாக ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கிவைத்து, நீவிவிட்டார். அந்தப் பெண்ணே பார்த்துவிட்டாள். "மாஸ்டர், ரெண்டும் ஒரே பக்கமா இருக்கே" என்று சிரித்தாள். அண்ணன் அவளைப் பார்த்தார். அவர் பார்வையில் அவள் இல்லை. வாய் கோணியது, ஏதோ சொன்னார், சொல் உருவம் கொள்ளவில்லை. அப்படியே மேசை விளிம்பைப் பிடித்தபடி இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வக்கீல் கத்தினார். நான் ஓடினேன். சர்க்கரைப் பொட்டலம் அன்று மேசை இழுப்பறையில் இருந்தது. இழுப்பறையில் பொத்தான், நூல்கண்டு, ஊசி டப்பா எல்லாம் ஒன்றாகக் கிடக்கும், உங்களுக்குத் தெரியாது. துழாவித் துழாவித் தேடினேன். கிடைக்க நேரமாகிவிட்டது. கிடைத்து நான் திரும்புவதற்குள் அண்ணனுக்கு நினைவு இல்லை. நினைவில்லாதவர் வாயில் எதுவும் போடக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்ததால் போடவில்லை. வக்கீலின் வண்டியிலேயே இங்கே கொண்டுவந்தோம். நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் நான் சரியாகச் செய்ததாக டாக்டர்கூடப் பாராட்டினார்.

மறுநாள் நான் கடை திறந்தேன். அண்ணன் இங்கே கையில் குளுகோஸ் ஏறிக் கிடக்கும்போது திறந்தேன். அதே ரகத் துணி வாங்கிவரச் செய்து, அந்தப் பெண்ணின் கோட்டை நானே வெட்டித் தைத்தேன். அந்த மேசையில், வாசலைப் பார்த்து நின்று வெட்டினேன். நன்றாக வந்தது, சிஸ்டர். அவள் போட்டுப் பார்த்தாள். அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். "அப்படியே மாஸ்டர் வெட்டின மாதிரியே இருக்கு தம்பி" என்றார்.

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று அண்ணி என்னைக் கூப்பிட்டு, "இனிமே அவரு கடைக்கு வர வேணாம், நீங்களே பாத்துக்குங்க. மாத்திரையும் உங்க கையிலேயே இருக்கட்டும், உங்கள விட்டா எங்களுக்கு யாரு" என்று சொல்லி அழுதார். அதாவது நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நாளைக்கு டாக்டர் ஞாபகசக்தி போய்விட்டது என்று எழுதுவார், அண்ணனும் அதையே நம்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் இன்று காலைவரை நினைத்தேன்.

இன்று காலை நீங்கள் கொடுத்த உணவை அவர் சாப்பிட்டு முடித்தார். காலித் தட்டு மடியில் இருந்தது. வாயோரத்தில் கொஞ்சம் சாப்பாடு ஒட்டிக்கொண்டுகூட இருந்தது. என்னைப் பார்த்து, பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்காத குரலில், "தம்பி, நான் சாப்பிட்டேனா?" என்று கேட்டார். "நீ சொல்றா. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். எனக்கு என்னைய நம்ப முடியலடா" என்றார். எனக்குப் பயந்து கேட்கிறவர் முகமாக அது இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கப்பட்டுக் கேட்டார். வெட்கப்பட வேண்டியவன் கட்டில் அருகில் தண்ணீர் டம்ளரோடு நிற்கும்போது, கட்டிலில் கிடக்கிறவர் வெட்கப்பட்டார்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு ஞாபகம் போகவில்லை. அவருக்கு எதுவும் போகவில்லை. மாத்திரையிலும் குற்றமில்லை. இரண்டு தடவை போட்டது உண்மை, இரண்டையும் கொடுத்தது நான். சாப்பாட்டைத் தள்ளிவைத்தது நான், அன்று மட்டும் இல்லை, பல நாள். இதை அண்ணியிடம் நீங்களே சொன்னால் நல்லது. அண்ணனிடம் முதலில் சொல்லுங்கள். அவருடைய புத்தி அவரிடமே பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். மாத்திரை அட்டை இதோ. இனி இது என் கையில் இருக்கக் கூடாது.

எழுந்துவிடாதீர்கள், இன்னும் ஒன்று பாக்கி. இவ்வளவும் சொன்ன பிறகும், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். வக்கீலிடம் சொன்னது, அண்ணியிடம் சொன்னது, சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது. சர்க்கரைப் பொட்டலம் இழுப்பறையில் இல்லை. இழுப்பறையில் நான் எதையும் தேடவில்லை, பொத்தான்களைத்தான் கிளறிக்கொண்டிருந்தேன். அண்ணன் தரையில் உட்கார்ந்து, கண் மூடும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டலம் எப்போதும் இருக்கிற இடத்தில், என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவ்வளவு குனிந்தும் விழவில்லை. விழாதபடி அளவு பார்த்து அண்ணன் வெட்டிய பை அது.